குளிரில் மீன் பிடிப்போரின் பாதங்கள்

ஐதராபாத் குளிர் மிகுந்த நகரம் அன்று. தக்காணத்தின் கோடை வெம்மையே அதற்குப் பெயர் தந்தது. ஆயினும் மார்கழி, தை மாதங்களில் அந்நகரின் விடியற்காலை வேறு இயல்பினது. அப்பருவத்தில் இரவு வெப்பநிலை ஏறத்தாழ 15 டிகிரி சென்டிகிரேடு அளவுக்குத் தாழ்கிறது. சில நாட்களில் 10 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. 1946ஆம் ஆண்டு சனவரியில் 6.1 டிகிரி வரை தாழ்ந்ததாக வானிலைப் பதிவு கூறுகிறது.

1908ஆம் ஆண்டு மூசி ஆற்றில் பெருகிய வெள்ளம் நகரின் பெரும்பகுதியை அழித்தது. அதன்பின் நகரைக் காக்கவும் குடிநீர் வழங்கவும் உசுமான் சாகர் 1920இலும் இமாயத் சாகர் 1927இலும் கட்டி முடிக்கப்பெற்றன. இத்தகைய நீர்நிலைகளிலும், தெலங்கானாவின் எண்ணற்ற ஏரிகளிலும், பிழைப்புக்காக வலை வீசுவோரும் உண்டு. பொழுதுபோக்காகத் தூண்டிலிட்டு விராலுக்குக் காத்திருப்போரும் உண்டு. இருவருக்கும் பொதுவான இடர் ஒன்று உண்டு. அது பாதங்கள் குளிர்ந்து மரத்துப் போதலாகும்.

'பனிக்கட்டி உறையும் நாட்டினர்க்கன்றோ இக்கவலை?' என்று சிலர் வினவலாம். நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தவல்லது. ஆதலின், காற்றில் நமக்கு இதமாகத் தோன்றும் அதே வெப்பநிலை, நீரில் நிற்கும் காலைக் குளிரச் செய்கிறது. கரையேறிய பின்னும் இழப்பு நிற்பதில்லை. ஈரம் ஆவியாகும்போது ஒவ்வொரு கிராம் நீரும் ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தைத் தோலிலிருந்து கவர்ந்து செல்கிறது. முதல் உலகப்போரில், 1914ஆம் ஆண்டுக் குளிர்காலம் முதலாக, ஈரப் பதுங்குகுழிகளில் நின்ற போர்வீரர் பல்லாயிரவர் பாதநோயுற்றனர். அந்நோய்க்கு நீர் உறைய வேண்டுவதில்லை. குளிரும் ஈரமும் நெடுநேரம் கூடி நின்றாலே போதும்.

உடல் குளிருங்கால், இதயம், நுரையீரல் முதலிய உள்ளுறுப்புகளைக் காக்கும் பொருட்டுக் கைகால்களின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. எனவே காலை மட்டும் போர்த்திப் பயனில்லை. தலையில் ஒரு முண்டாசும் மார்பில் ஒரு கம்பளிச் சட்டையும் பாதத்திற்கும் துணை செய்யும். பருத்தி உறை நனைந்தால் வெப்பத்தைக் காக்காது. கம்பளி நனைந்தும் ஓரளவு காக்கும். இரண்டு உறைகளை இறுக்கமான செருப்புக்குள் திணித்தல் தவறு. இறுக்கம் இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். ஈரக் கருங்கல்லின்மேல் நில்லாது, ஒரு பலகையையோ மடித்த சாக்கையோ இட்டு நிற்றல் நன்று. உலர்ந்த உறை ஒரு சோடியைப் பையில் வைத்திருத்தல் வேண்டும். புகையிலை இரத்தக் குழாயைச் சுருக்கும். மது வெம்மை தருவதுபோல் காட்டி உடல் வெப்பத்தை வெளியேற்றும். ஆதலின் இரண்டும் உதவா.

ஆழ்ந்த நீரில் வலை இழுப்போருக்கு நெடிய ரப்பர்க் காலணியைப் பரிந்துரைக்க இயலாது. அதனுள் நீர் புகுந்தால் நீந்துவது அரிதாகும். அவர்கள் கரையேறியவுடன் விரலிடுக்குகளையும் துடைத்து உலர்த்தி, உலர்ந்த செருப்பணிந்து சிறிது நேரம் நடத்தல் வேண்டும்.

மரத்த காலை நெருப்பில் காட்டுதலும் கொதிநீரில் வைத்தலும் கூடா. உணர்ச்சியற்ற தோல் வெந்தாலும் நோவு தெரியாது. இளவெந்நீரே போதும், அதையும் முழங்கையால் சோதித்தல் வேண்டும். நீரிழிவு உடையார்க்கு இவ்வெச்சரிக்கை இன்றியமையாதது. அவருள் பலர்க்குக் காலின் உணர்ச்சி முன்னரே குன்றியிருக்கும். காணாது விட்ட சிறு புண், காலையே இழக்கச் செய்யவும் கூடும். புண்ணோ நிறமாற்றமோ தோன்றின் அன்றே மருத்துவரை நாடுதல் வேண்டும்.

போர்க்களத்தில் வீரர்கள் இருவர் இருவராய்ச் சேர்ந்து, ஒருவர் காலை மற்றவர் பார்த்துப் பேணினர். அவ்வழக்கம் ஏரிக்கரைக்கும் ஏற்றதே. தெலங்கானா அரசு 2016 முதல் ஏரிகளில் மீன்குஞ்சுகளை இலவசமாக விடும் திட்டத்தை மேற்கொண்டது. மீன் வளர நாம் காட்டும் அக்கறை, அதைப் பிடிப்பவர் பாதத்தளவும் செல்லுதல் முறையன்றோ? ஓர் உலர்ந்த துணி, ஒரு சாக்கு, அன்றாடம் உள்ளங்காலைப் பார்க்க ஒரு துணைவர் — இம்மூன்றும் எவர்க்கும் எட்டாதவை அல்ல.