வேகத்தடைக்கு வெள்ளைக் கோடு

எங்கள் ஊர் வளைவில் ஒரு வேகத்தடை. வெள்ளைக் கோடு அழிந்து ரொம்ப நாளாச்சு. தெருவிளக்கும் இல்லை. போன மாசம் ராத்திரி பைக்கில் வந்த பையன் ஒருத்தன் அதில் தூக்கி எறியப்பட்டான். காலையில் நான் பார்த்தபோது மண்ணில் ஒற்றைச் செருப்பு கிடந்தது, வார் அறுந்து. பிழைத்துக்கொண்டான், கால்தான் போச்சு.

'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி' என்பதுதான் வழக்கமாக எஃப்.ஐ.ஆரில் வருகிற வாசகம். வேகமாக வந்திருந்தால் தப்புதான். கோடு போடாதவர் மட்டும் வழக்கில் வரவே மாட்டாரா?

வரவேண்டும் என்கிறது சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் 198ஏ என்றொரு பிரிவைச் சேர்த்தார்கள். சாலையை வடிவமைப்பவர், போடுகிற ஒப்பந்ததாரர், பராமரிக்கும் அதிகாரி ஆகியோர் விதித்த தரத்தைக் கைவிட்டு, அதனால் உயிர் போனாலோ ஊனமானாலோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஓர் உயிருக்கு இது ரொம்பக் குறைச்சல். அதே சட்டத்தில், சிறுவன் கையில் வண்டியைக் கொடுத்த பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறையே உண்டு, 199ஏ பிரிவில்.

அந்த வேகத்தடைக்கு இன்னும் வெள்ளை அடிக்கவில்லை. மனு எழுதிவிட்டேன், பிரிவு எண்ணையும் போட்டு. இன்றைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.