உச்சி முதல் உள்ளங்கால் வரை

(ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தெய்வத்தைப் பாடும் புலவர் பாதாதிகேசமாகவும், மானிடரைப் பாடும் புலவர் கேசாதிபாதமாகவும் பாடுதல் நம் இலக்கிய மரபு. நோயாளரைப் பரிசோதிக்கும் வைத்தியரும் கேசாதிபாதமாகவே செல்கின்றார். வைத்திய மாணாக்கராகிய நாம் கட்டிலருகே கற்பதும் இம்முறையே. தலையிடி என்று வந்தவருக்குக் காலை ஏன் பார்க்கவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நோவுள்ள இடத்தை நோயாளர் காட்டுவார். நோவில்லாத நோயை அவர் எவ்வாறு காட்டுவார்? அதற்காகவே இந்த ஒழுங்கு.

கைகளைக் கழுவி, நம் பெயரைச் சொல்லி, அனுமதி பெற்று, மறைப்புத் திரையை இழுத்துவிட்ட பின்னரே பரிசோதனை தொடங்கும். நாடி, மூச்சு, உடற்சூடு, இரத்த அழுத்தம் என்பவற்றை முதலிற் குறிப்போம். கீழிமையின் உட்புறம் வெளிறியிருந்தால் இரத்தச்சோகையையும், வெண்விழி மஞ்சளித்திருந்தால் செங்கண்மாரியையும் எண்ணுவோம். அம்மஞ்சளைப் பகலொளியிற் பார்த்தல் நன்று. பின்னர் ஒரு மிடறு தண்ணீர் விழுங்கச் செய்து கழுத்தைக் கவனிப்போம். தைரொயிட்டுச் சுரப்பியின் வீக்கமாயின் விழுங்கும்போது மேலெழும்.

நெஞ்சுக்குப் பார்த்தல், தொடுதல், தட்டுதல், கேட்டல் என நான்கு முறைகள் உள. தட்டியறியும் முறையை 1761இல் நூலாக வெளியிட்டவர் வியன்னாவிற் பணியாற்றிய அவுன்புறுகர். விடுதிக்காரரின் மகனாகிய அவருக்கு, மதுப்பீப்பாயைத் தட்டி அளவறியும் வழக்கமே வழிகாட்டிற்று என்பர். 1816இல் பாரிஸ் நகரில் லெனெக் என்னும் வைத்தியர், ஓர் இளம்பெண்ணின் மார்பிற் காதை வைத்துக் கேட்கக் கூசி, கடதாசியைக் குழலாகச் சுருட்டிக் கேட்டார். ஸ்தெதஸ்கோப் பிறந்த கதை இதுவே. நாணத்தை மதிப்பது வைத்தியர் கடன். நாணத்தால் நோயை மறையாதிருப்பது நோயாளர் கடன். மார்பிற் கட்டியை மாதக்கணக்கில் மறைக்கும் தாய்மாரை எண்ணியே இதனைச் சொல்கின்றோம்.

வயிற்றிலே நோவில்லாத பக்கத்தில் தொடங்கி, நோவுள்ள இடத்தை இறுதியிலே தொடுவோம். கை வயிற்றில் இருக்க, கண் நோயாளர் முகத்திலே இருக்கும்.

கடைசியாக வருவது பாதம். அவசரத்தில் எளிதாக விடுபடுவதும் அதுவே. சீனி வருத்தம் என்று நாம் சொல்லும் நீரிழிவு நெடுநாள் இருப்பின் பாதத்தின் உணர்ச்சி குன்றக்கூடும். அப்பொழுது முள் குத்தினும் தெரியாது. நண்பகலிற் கோயில் வீதியின் சுடுமணல் கொப்புளம் எழுப்பினும் தெரியாது. நோவில்லாமையாற் புண் கவனிப்பாரற்று வளர்ந்து, விரலையோ காலையோ இழக்கவும் நேரிடுகின்றது. பத்துக் கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் இழையொன்றால் உள்ளங்காலைத் தொட்டு, கண்களை மூடியிருக்கும் நோயாளர் அதனை உணர்கின்றாரா என்று அறிவது சில நிமிட வேலை. கணுக்காலின் கீழ் நாடியையும் தொட்டுப் பார்ப்போம்.

வாலிபர்களே, பாதத்தைப் பார்க்க வைத்தியப் பட்டம் வேண்டியதில்லை. வீட்டிலே நீரிழிவுள்ள பெரியோர் இருப்பின் இரவுதோறும் அவர்தம் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் விளக்கொளியிற் பாருங்கள். குனிந்து பார்க்க அவர்களுட் பலரால் இயலாது. சிவப்போ, கொப்புளமோ, புண்ணோ கண்டால் மறுநாளே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

பெரியோர்களே, வெயில் ஏறுமுன் வீதி வலம் வாருங்கள். பிள்ளைகள் கேட்டாற் காலைக் காட்ட மறுக்காதீர்கள். பெரியோர் பாதம் தொட்டு வணங்குவது நம் வழக்கம். தொடும்போது அப்பாதத்தைச் சற்றே பார்த்தும் விடுவோம்.