பாம்புக்கல் என்னும் சொல்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களிடையே நிகழ்த்திய பிரசங்கம்)



அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசற் காட்டில் பருத்தி எடுப்போரும் சோளத்தட்டை அறுப்போரும் விரியனுக்கு அஞ்சியே கை நீட்டுகின்றனர். கடிபட்டால் பாம்புக்கல் வைத்திருப்பவரைத் தேடி ஓடுவது கிராமங்களில் நெடுங்கால வழக்கம். அக்கல்லின் பெயரைச் சற்று ஆராய்வோம்.

ஆங்கிலத்தில் இதனை 'ஸ்நேக் ஸ்டோன்' என்பர். ஸ்நேக் என்பது பாம்பு, ஸ்டோன் என்பது கல். போர்த்துக்கேசியர் 'பெத்ரா தெ கோப்ரா' என்றனர். கோப்ரா அவர்கள் மொழியில் எப்பாம்புக்கும் பொதுப்பெயர். ஆங்கிலத்திலேதான் அது நல்ல பாம்பைக் குறிக்கலாயிற்று. எமர்சன் டெனன்ட் துரை 1859-இல் வெளியிட்ட இலங்கை நூலில், பாம்பு கல்லு என்று நம் சொல்லையே எழுதியிருக்கிறார். சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற பாம்பாட்டிகளே அதனை அங்குப் பரப்பியிருக்கக்கூடும் என்பது அவர் கருத்து.

இத்தொகைச் சொல்லில் மறைந்து நிற்பது யாது? பாம்பின் தலையில் விளைந்த கல் என்பார் ஒருவர். பாம்பின் விஷத்தை உறிஞ்சும் கல் என்பார் மற்றொருவர். இலக்கணம் இரண்டுக்கும் இடந்தரும். விற்பவனுக்கு அதுவே முதல்! அமெரிக்காவில் வெறிநாய்க் கடிக்கு வைத்த கல்லுக்கும் 'மாட் ஸ்டோன்', அதாவது வெறிக்கல், என்றே பெயர். வெறி நாயினுடையது, கல்லோ பெரும்பாலும் மானின் வயிற்றில் எடுத்தது.

டெனன்டின் கல்லைச் சோதித்த மைக்கேல் பாரடே என்னும் சாஸ்திரி, அது கருக்கிய எலும்புத் துண்டு என்று கண்டார். ஆகவே அது கல்லே அன்று. எலும்பின் நுண்துளைகள் ஈரத்தை இழுப்பதால் புண்ணில் ஒட்டுகிறது. நாவில் வைத்தாலும் ஒட்டும். தசைக்குள் இறங்கிவிட்ட விஷத்தை அது மீட்கமாட்டாது. கல் வைத்துப் பிழைத்தவர் உண்டே எனலாம். விஷமற்ற பாம்பும் கடிக்கும். விஷப்பாம்பும் சிற்சில வேளை விஷம் இறக்காமலே கடிக்கும். பிழைத்தால் கல்லுக்குப் புகழ், இறந்தால் விதிக்குப் பழி.

விஷமுறிவு மருந்து பாம்பின் விஷத்தைக் கொண்டே செய்யப்படுகிறது. விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கின்றனர். இதற்கு வேண்டும் விஷத்தை எடுத்துத் தருவோர் நம்மைப்போன்ற ஒரு சங்கத்தாரே என்பதைக் கவனியுங்கள். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியிலுள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-இல் ஏற்பட்டது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் அவர்கள் எடுக்கின்றனர்.

கடிபட்டவரை நடக்கவிடாதீர். கடிவாயைக் கீறவேண்டா, கயிற்றால் இறுக்கவேண்டா. கையையோ காலையோ அசையாமற் குச்சி வைத்துக் கட்டி, அரசாங்க ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுசெல்லுங்கள். 108 என்னும் எண்ணையும், இரவில் எவர் வண்டி கிடைக்கும் என்பதையும் சங்கக் கட்டடச் சுவரில் எழுதி வைப்பீர்களாக.