ஒரு மாதிரி, இருபது கணினி: பின்னணியில் என்ன ஓடுது?



உங்க ஆண்ட்ராய்டு போனுக்கு அடித்தளமே லினக்ஸ் கெர்னல்தான். திரை அணைஞ்சிருந்தாலும் உள்ளே பல வேலைகள் ஓடிக்கிட்டே இருக்கும். அவைதான் பின்னணிச் சேவைகள். கணினியிலும் அப்படித்தான்.

ஒரு நூலகத்துக்கு இருபது கணினிகள் வருதுன்னு வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் தனித்தனியாக லினக்ஸ் நிறுவ வேண்டாம். ஒரே மாதிரியைத் தயார் செய்து, அதை இமேஜ் கோப்பாக்கி, இருபதிலும் நகலெடுக்கலாம். நேரம் மிச்சம். ஆனா மாதிரியில் பூட்டாமல் விட்ட கதவு இருபதிலும் திறந்தே கிடக்கும்.

ராஸ்பெர்ரி பை சிறு கணினியைப் பாருங்க. அதன் ராஸ்பியன் இமேஜில், தொலைவிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சேவை முன்பு தானாகவே இயங்கியது. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் எல்லா நகலிலும் ஒன்றுதான். 2016 நவம்பரில் அந்தச் சேவையை அணைத்தே வெளியிடத் தொடங்கினார்கள். 2022 ஏப்ரலில் அந்தப் பொதுப் பயனர் கணக்கையும் நீக்கினார்கள்.

நீங்களோ உங்க வீட்டுப் பிள்ளைகளோ இமேஜ் தயாரித்தால், இவற்றைக் கவனியுங்க:

• டெபியன், உபுண்டு போன்றவற்றில் சேவைகளைக் கவனிப்பது சிஸ்டம்டி. 'சிஸ்டம்சிடிஎல்' கட்டளையால் பட்டியலை எடுங்க. பிரிண்டரே இல்லாத இடத்தில் அச்சுச் சேவை எதுக்கு?

• 'டிசேபிள்' செய்தால் பூட் ஆகும்போது சேவை தானாகத் தொடங்காது. ஆனா வேறொரு சேவை அதை எழுப்பிவிடலாம். 'மாஸ்க்' செய்தால் யாராலும் எழுப்ப முடியாது.

• பாதுகாப்பு அப்டேட்டையும் நேரம் சரிசெய்யும் சேவையையும் அணைக்காதீங்க. கடிகாரம் தவறினால் பாதுகாப்பான இணையதளங்கள் திறக்க மறுக்கும்.

• எஸ்எஸ்ஹெச் தேவைப்பட்டால், அதன் சாவிகளை இமேஜ் எடுப்பதற்கு முன்பே அழித்துவிடுங்க. ஒவ்வொரு கணினியும் முதல் பூட்டில் தனக்கான புதுச் சாவியை உருவாக்கும்படி ஏற்பாடு செய்யுங்க. இல்லாவிட்டால் இருபது வீட்டுக்கும் ஒரே சாவிதான்!

முதலில் ஒரே ஒரு கணினியில் ஏற்றி, பட்டியலை மறுபடி பாருங்க. எதுக்குன்னு தெரியாத சேவை இருந்தால், அது என்னன்னு தெரிந்த பிறகே அடுத்த கணினிக்குப் போங்க. ஒரு மாதிரியில் திருத்துவது சுலபம். இருபதிலும் தேடித் திருத்துவது பெரும்பாடு.