முத்திரையில் இருக்கும் தேதி



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். எங்க குழுவுல யாருக்கு மனு எழுதணும்னாலும் என்கிட்ட வருவாங்க. மனு எழுதுறது பாதி வேலைதான். அது கெடுவுக்குள்ள போய்ச் சேரணும், போனதுக்குச் சாட்சியும் வேணும். அதைப் பற்றித்தான் பேசப் போறேன்.

எங்க குழுவுல ஒரு அக்காவுக்கு விதவை ஓய்வூதியம் நின்னுபோச்சு. காரணம் கேட்டு, 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு போட்டோம். வந்த பதில் சரியில்லை. பதில் கையில் கிடைச்ச நாளிலிருந்து 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு செய்யலாம். பதில் கடிதத்துல போட்டிருந்த தேதி 4. ஆனா உறைமேல இருந்த தபால் முத்திரை 19. அக்கா கைக்கு வந்தது 21. அடுத்த மாசம் 8-ஆம் தேதி மேல்முறையீடு அனுப்பினோம். "காலம் கடந்துபோச்சு"ன்னு சொன்னாங்க. உறையோட ஜெராக்ஸைக் காட்டினதும் மனுவை எடுத்துக்கிட்டாங்க. நிறுத்தின காரணம் எழுத்துல வந்தது. அதை வச்சு அக்கா இப்போ திரும்ப மனு போட்டிருக்காங்க. அதனால, வர்ற கடிதத்தோட உறையைக் கிழிச்சு அடுப்புல போடாதீங்க.

நாம அனுப்பும்போது முதல்ல பார்க்க வேண்டியது ஒண்ணு. அந்தத் தேதிக்குள்ள "அனுப்ப வேண்டும்"னு போட்டிருக்கா, "வந்து சேர வேண்டும்"னு போட்டிருக்கா? வந்து சேரணும்னா, அன்னிக்கு முத்திரை குத்தினாலும் பிரயோஜனமில்லை. ஒரு வாரம் முன்னாடியே அனுப்பிடுங்க.

கெடு உள்ள தபாலைத் தெருப்பெட்டியில போடாதீங்க. அன்னிக்குப் பெட்டி எடுத்த பிறகு போட்டா, மறுநாள் முத்திரைதான் விழும். கையில ரசீதும் இருக்காது. தபால் ஆபீஸுக்கே போய் ஸ்பீடு போஸ்ட்ல அனுப்புங்க. 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபாலையும் அதோட சேர்த்துட்டாங்க. நம்ம ஊர்க் கிளை ஆபீஸ்ல பை எத்தனை மணிக்குக் கட்டுறாங்கன்னு கேட்டு வச்சுக்கோங்க. கடைசி நாள்னு போய் நின்னா, நெட்வொர்க் இல்லைன்னு திரும்பி வர வேண்டியிருக்கும். நடுவுல ஞாயிறு, பண்டிகை விடுமுறை வருதான்னும் பாருங்க.

ரசீது வாங்கினதும் அங்கேயே நின்னு பேர், பின்கோடு, தேதி மூணையும் படிங்க. அதுல இருக்கிற 13 எழுத்து, எண்ணை வச்சு, தபால் எங்கே இருக்குன்னு போன்லயே பார்க்கலாம். மெஷின்ல வர்ற ரசீது நாளாக ஆக மங்கிடும். அன்னிக்கே ஜெராக்ஸ் எடுத்து, மனு நகலோட சேர்த்துப் பின் பண்ணிடுங்க.

குழுவுல தீர்மான நோட்டு, ரொக்க நோட்டு எல்லாம் வச்சிருக்கோம். கூடவே தபாலுக்கும் ஒரு நோட்டு போடுவோம். யாருக்கு, எதுக்கு, கெடு என்னைக்கு, அனுப்பினது என்னைக்கு, ரசீது எண் என்ன, இந்த அஞ்சும் எழுதினா போதும். வாரக் கூட்டத்துல சேமிப்பு வாங்கும்போதே, "யாருக்காவது இந்த மாசம் கெடு இருக்கா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. எழுதப் படிக்கத் தெரியாத நம்ம அக்காமாருக்கு அந்தக் கேள்வியே பெரிய துணை.