சரக்குதானே என்று சொல்லாதீங்க

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன மாதக் கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டும்போது ஒரு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். விமானம் ஓட்டணும்னு பிடிவாதமாம். "ஆளுங்களை ஏத்திக்கிட்டுப் போறதுன்னா எனக்கு வயித்தைக் கலக்குது மேடம். சாமான் மட்டும் ஏத்துற சின்ன விமானம் இருக்காமே, அதுன்னா பயமில்லையா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. சமூகப் பணி படித்தவளுக்கு விமானத்தைப் பற்றி என்ன தெரியும்? ஒரு மாதமாகத் தேடித் தேடிப் படித்தேன். சின்னச் சின்ன சரக்கு விமான நிறுவனங்கள் நிறைய இருப்பது அமெரிக்காவில். அதனால் அங்கே நடப்பதையே சொல்கிறேன்.

ஃபெடெக்ஸ் மாதிரி பெரிய கூரியர் நிறுவனத்தின் பெரிய விமானம் பெரிய ஊரோடு நின்றுவிடும். அங்கிருந்து சிறிய ஊர்களுக்குப் பொட்டலங்களைக் கொண்டுபோவது சின்ன நிறுவனங்களின் வேலை. மெயின் ரோட்டில் பஸ் இறக்கிவிட்டால் அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடிக்கிறோமே, அப்படி. செஸ்னா கேரவன் என்ற விமானம் இதற்கு அதிகம் ஓடுகிறது. ஒரே எஞ்சின். பெரும்பாலும் ஒரே விமானி. ஒரு டன்னுக்கு மேல் சாமான் பிடிக்கும். காலையில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, பகல் முழுக்க அந்த ஊரில் ஒரு அறையில் காத்துக் கிடந்து, சாயங்காலம் திரும்பும் பொட்டலங்களோடு புறப்பட வேண்டும். பல இடங்களில் ஏற்றி இறக்கவும், வலை போட்டு இழுத்துக் கட்டவும் விமானியே கை கொடுக்க வேண்டும். தொப்பி, கோட்டு என்று சினிமாவில் பார்ப்பதெல்லாம் இங்கே கிடையாது.

இதில் முக்கியமானது பாரக் கணக்கு. விமானத்துக்குள் பகுதி பகுதியாகக் கோடு போட்டு, எந்தப் பகுதியில் எவ்வளவு வைக்கலாம் என்று எழுதியிருக்கும். பின்பக்கம் பாரம் கூடினால் நின்ற இடத்திலேயே வால் தரையில் உட்கார்ந்து, மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். அதனால் சாமான் ஏற்றும்போது வாலுக்குக் கீழே முட்டு கொடுக்கிறார்கள். மாட்டு வண்டியில் பின்பாரம் ஏறினால் நுகத்தடி அந்தரத்தில் தூக்குமே, அதே கதைதான். வண்டி என்றால் நிறுத்திவிட்டு நாலு மூட்டையை முன்னே தள்ளலாம். வானத்தில் போய் யார் தள்ளுவது?

1997 ஆகஸ்ட் 7-ஆம் தேதி அமெரிக்காவின் மியாமி ஊரில் ஃபைன் ஏர் என்ற சரக்கு நிறுவனத்தின் விமானம் புறப்பட்டது. இது கேரவனைவிட ரொம்பப் பெரியது, நான்கு எஞ்சின். ஏற்றியிருந்தது என்ன தெரியுமா? ஜீன்ஸ் தைக்கும் துணி. பாரம் தாளில் எழுதியபடி இல்லை. பின்பக்கம் கூடுதலாக இருந்தது. விமானிகளுக்கு அது தெரியாது, தாளை நம்பிப் புறப்பட்டார்கள். தரையை விட்டதும் மூக்கு அளவுக்கு மேல் தூக்கிவிட்டது. விமான நிலையத்தைத் தாண்டியதுமே விழுந்தது. உள்ளே இருந்த 4 பேரும், கீழே காரில் இருந்த ஒருவரும் செத்துப்போனார்கள். துணிதானே, யாருக்கு என்ன கேடு என்று நினைக்கத் தோன்றும். படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

தூக்கம் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2009-இல் பஃபலோ ஊர் அருகே ஒரு பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு விமானிகள் எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம், எவ்வளவு ஓய்வு வேண்டும் என்று அங்கே புதிய விதி எழுதினார்கள். 2014-இல் அமலுக்கு வந்தது. ஆனால் பயணிகள் விமானத்துக்குத்தான் அது கட்டாயம். சரக்கு விமானத்துக்கும் சேர்த்தால் செலவு கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டார்கள். சரக்கு விமானிக்கு பழைய விதிகள்தான். ராத்திரி வேலை அதிகம் இவர்களுக்குத்தான், பாருங்க! பொட்டலம் புகார் சொல்லாது. விமானிக்குக் கண் சொருகினால் அவளுக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது.

ஆனால் ஒரு விதி அவள் பக்கம் இருக்கிறது. விமானத்தின் கடைசிப் பொறுப்பும் அதிகாரமும் விமானிக்குத்தான். பாரம் சரியில்லை, இறக்கை மேல் பனி உறைகிறது, உடம்பு முடியவில்லை என்றால் "இன்னைக்கு எடுக்க மாட்டேன்" என்று சொல்லலாம். முதலாளி முகம் சுளிப்பார், பொட்டலம் ஒரு நாள் தாமதமாகும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தனியாக நின்று, அதைச் சொல்வதுதான் கஷ்டம்.

நம்ம கணக்கு எழுதும் பெண்களுக்குப் பிடித்த விஷயம் ஒன்று. முன்பு அமெரிக்காவில் வங்கியில் போட்ட காசோலை, காகிதமாகவே எழுதிக் கொடுத்தவரின் வங்கிக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த மூட்டைகளை ராத்திரியோடு ராத்திரியாகச் சுமந்தவை இந்தச் சின்ன விமானங்கள். ஒஹாயோ மாநிலத்தின் ஏர்நெட் நிறுவனத்துக்கு அதுதான் முக்கியப் பிழைப்பு. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் சில நாள் விமானங்கள் நின்றபோது காசோலைகள் அப்படியே தேங்கின. 2003-இல் சட்டம் போட்டார்கள், 2004 அக்டோபரிலிருந்து காசோலையின் படம் போதும் என்று. கொஞ்ச வருஷத்தில் அந்த வேலையே காணாமல் போய்விட்டது. நம்ம பக்கமும் 2011-இல் சென்னையில் காசோலைக்குப் பதில் படம் அனுப்ப ஆரம்பித்தார்கள்.

இனி அந்த அக்காவுக்கு. நம் நாட்டில் விமானி உரிமம் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் சரக்கு ஏற்றி, மேகத்துக்குள் தனியாக ஓட்ட 1,200 மணி நேரம் கேட்கிறார்கள். இங்கே சரக்கு மட்டும் சுமக்கும் ப்ளூ டார்ட் ஏவியேஷன் சென்னையைச் சேர்ந்ததுதான், ஆனால் அதில் போயிங் விமானங்கள். அமெரிக்கா மாதிரி சின்ன விமான வேலை இங்கே ஊருக்கு ஊர் இல்லை. படிப்புச் செலவு பல லட்சம். குழுக் கடனில் அடங்காது. கல்விக் கடனுக்கு வங்கியில் என்ன ஈடு கேட்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போய் இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். பயந்துவிடுவாள் என்று பார்த்தால், "அந்தத் துணி பாரத்தை யாரு மேடம் எடை போட்டது?" என்று கேட்டாள். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.