மலையைக் கணினியில் எழுப்புவோம்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

1885ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மலைநாட்டுக்கு வந்தார். அன்று காட்டுக்குள் நடந்துதான் அளக்க வேண்டும். 2000 பிப்ரவரியில் என்டவர் விண்கலம் பதினொரே நாளில், உலக நிலப்பரப்பில் ஏறக்குறைய 80 விழுக்காட்டின் உயரத்தை ரேடாரால் அளந்தது. அந்தக் கணக்கு இன்று இலவசம். கியூஜிஐஎஸ் என்னும் மென்பொருளும் இலவசம். இரண்டையும் சேர்த்தால், தட்டையான வரைபடம் மேடும் பள்ளமுமாக எழுந்து நிற்கும்.

"இதனால நமக்கென்ன?" என்று கேட்பீர்கள். எந்தச் சரிவு செங்குத்து, மழைத்தண்ணி எந்தப் பக்கம் ஓடும் என்பது கண்ணுக்குத் தெரியும். 2013 அக்டோபரில் ரிங்லெட் அணைநீர் திறக்கப்பட்டு, பெர்த்தாம் வேலி வெள்ளத்தில் மூழ்கியதை நாம் மறக்க முடியுமா?

ஆனால் ஒரு குறை உண்டு. அந்தக் கணக்கில் 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான். லயத்துக்குப் பின்னால் ஓடும் சின்ன வாய்க்கால் அதில் விழாது. அடர்ந்த காட்டில் ரேடார் தரையைத் தொடாமல் மரத்திலேயே பட்டுத் திரும்பிவிடும்.

பெற்றோர்களே, வாய்க்கால் எங்கே அடைக்கும், மண் எங்கே சரியும் என்பது நடந்து பழகிய உங்கள் காலுக்குத் தெரியும். பிள்ளை கணினி முன் உட்காரும்போது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். "நமக்குப் படிப்பில்லையே" என்று ஒதுங்காதீர்கள். மாணவர்களே, கேட்டுக் குறித்து, மாதிரியில் சேருங்கள். விண்கலம் விட்டதை அப்பா அம்மா நிரப்பட்டும்.